அலை அங்கே வராது

ஜூலை 9, புதன்

ஒரு வாளி இறால். எங்கள் வாடகை அறைகளில் தங்கும் விருந்தினர்களுக்காம். உரித்தது நான், சாப்பிட்டது அவர்கள். பெரியப்பா ப்ரார் வாளியை அடுக்களை வாசலில் வைத்துவிட்டு, இதற்கெல்லாம் சின்ன விரல்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் விரல் என்ன நங்கூரமா? வலது கை நடுவிரலில் இறால் கொம்பு மூன்று இடத்தில் குத்தியிருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் எரிகிறது.

விருந்தினர் போர்வைகளை அடுக்கி வைக்கும் பரணில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலையில் கட்டியிருப்பது அப்பாவின் விளக்கு. அவர் விடியற்காலையில் தேடுவதற்குள் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். கீழே எழுத முடியாது. தீவில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய மேடுகள் மொத்தம் ஒன்பது, மேட்டுக்கு ஒன்றிரண்டு வீடுகள். முதல் மேட்டில் தும்மினால் கடைசி மேட்டில் கஷாயம் கொதிக்கும். இதில் ரகசியம் எங்கே வைப்பது?

சாயங்காலம் அப்பாவும் பெரியப்பாவும் மண்வெட்டியோடு கிழக்குக் கரைக்குப் போனார்கள். உருளைக்கிழங்கு தோண்ட இன்னும் நாளிருக்கிறது. மண்வெட்டி எதற்கு?

ஜூலை 10, வியாழன்

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

செத்த கடல்நாய் ஒன்றைப் புதைத்தார்களாம். வயதானதாம். அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அப்பாவுக்கு அரசு கொடுத்திருக்கும் பதவியின் பெயர் கடல்நாய் வேட்டைக்காரர். அவர் பிறப்பதற்கு முன்பே வேட்டையை நிறுத்திவிட்டார்கள். பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சட்டைப்பையில் அந்தப் பதவிக்கான அடையாள வில்லை இருக்கிறது. தாயைத் தொலைத்துக் கத்தும் குட்டியைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பிழைக்காததைச் சுட்டு அதன் வலியை முடிக்க வேண்டும். செத்ததை மூடி போட்ட சாம்பல் நிறப் பெட்டியில் வைத்து, மறுநாள் படகில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. நான் தொடவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்.

"எத்தனை புதைச்சீங்க?" என்றேன்.

"ஒண்ணு."

"மூணு" என்றார் பெரியப்பா, அதே நேரத்தில்.

இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு பொய்கூடச் சொல்ல வரவில்லை. பிறகு பெரியப்பாதான் விளக்கினார். செத்ததை அனுப்பினால் அறுத்துப் பார்ப்பார்கள். பார்த்தால் நோய் என்பார்கள். நோய் என்றால் கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும் மணல்திட்டை மூடிவிடுவார்கள். விருந்தினர்களைக் கடல்நாய் பார்க்கக் கூட்டிப்போகும் அவருடைய படகு கோடை முழுக்கக் கட்டிக் கிடக்கும். எங்கள் அறைகளும் காலியாகும்.

"செத்தது பேசாது டெல்ஸே. நீயும் பேசாத."

அப்பா மட்டும், ஆகஸ்ட் முடியட்டும், அப்புறம் வருவதையெல்லாம் அனுப்பிவிடுகிறேன் என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. வெண்ணெய்க்கோ என்னவோ.

ஜூலை 12, சனி

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் கத்தும் குட்டி ஒன்றை அப்பா கூடையில் வைத்துப் படகில் ஏற்றினார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி அழக்கூட அழுதார். அதே கிழக்குக் கரையில், கூப்பிடு தூரத்தில், போன வருஷத்துக் குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. அதற்குக் கைதட்ட ஆளில்லை. நான்தான் பார்த்தேன். மூக்கில் இளஞ்சிவப்பாக நுரை. கண் இன்னும் மங்கவில்லை. அப்போதுதான் செத்திருக்க வேண்டும்.

அப்பாவைக் கூப்பிடத் திரும்பினால், எங்கள் மாடி அறை விருந்தினரின் குழந்தை பிளாஸ்டிக் கரண்டியை ஆட்டிக்கொண்டு நேராக அதை நோக்கி வருகிறது. பின்னால் வெகுதூரத்தில் அதன் அம்மா கைப்பேசியில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கடல் எங்கே ஓடிப்போகப் போகிறது? பிள்ளையைப் பார்க்க வேண்டாமா?

யோசிக்கவில்லை. பின்துடுப்பைப் பிடித்து இழுத்தேன். வெறுங்கையால். கடலைத் தடுக்கும் கரைத் திண்டுக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் வாய்க்காலில் உருட்டிவிட்டு, காய்ந்த கடற்பாசியை அள்ளிப் போட்டேன். குழந்தை வந்து, நாய் எங்கே என்றது. தூங்கப் போய்விட்டது என்றேன்.

சாயங்காலம் அப்பா அதைக் கண்டுபிடித்துப் பெரியப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது: அலை தூக்கி வாய்க்காலில் போட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்தத் தீவில் இருக்கிறார். கோடையில் எந்த அலை அந்தத் திண்டைத் தாண்டியது? ஆனால் அவருக்கு அவசரம். மண்வெட்டியை எடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை. வறுத்த மீனைத் தொட முடியவில்லை. விருந்தினர்களின் பலகாரத்தையே தின்று நாக்கு வளர்ந்துவிட்டது என்று அம்மா திட்டினாள்.

ஜூலை 16, புதன்

மதியம் தொலைபேசி. அப்பா ஆடுகளோடு இருந்தார், அம்மா அறைகளில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

டாக்டர் ரோவெடர். ஆய்வுக்கூடத்தில் செத்த கடல்நாய்களை அறுத்துப் பார்ப்பவர். ஏப்ரலில் எங்கள் பள்ளிக்கு வந்து, கடல்நாயின் நுரையீரலிலிருந்து எடுத்த புழுக்களைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மேசைமேல் வைத்தார். யோரித் வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்துக்கொண்டே பாடத்தை நிறுத்தாமல் நடத்தினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதுதான் இன்னும் மோசம்.

"என்ன டெல்ஸே, உங்கப்பா என்னை மறந்தே போயிட்டாரா? பக்கத்துத் தீவுலேருந்து பதினொண்ணு வந்தாச்சு. உங்க கரையில ஒண்ணுகூட ஒதுங்கலியா?"

"இங்க ஒண்ணும் இல்ல டாக்டர்."

எவ்வளவு சுலபமாக வந்தது. தொண்டையில் எண்ணெய் தடவியதுபோல்.

நல்ல சேதிதான் என்றார். ஆனால் நல்ல சேதி கேட்ட குரல் இல்லை. அந்தப் பதினொன்றும் வெயிலில் கிடந்து அழுகிப்போய் வந்தவையாம். அறுத்தால் நுரையீரல் கூழாக வருகிறதாம். சாவுக்குக் காரணம் புழுவா, நாய்களுக்கு வரும் காய்ச்சலுக்கு உறவான அந்த வைரஸா என்று சொல்லவே முடியவில்லையாம். வைரஸ் என்றால் மணல்திட்டுகளை மூட வேண்டும். அதைவிட, காப்பகத்தில் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்ப்பதை உடனே நிறுத்த வேண்டும். ஒரு குட்டி கொண்டுவந்தால் அத்தனைக்கும் ஒட்டிவிடும்.

"புதுசா செத்தது ஒண்ணே ஒண்ணு கெடச்சா போதும்மா. பாத்தா எனக்கு ஒரு போன் போடு, என்ன?"

சரி என்றேன். சரி என்றுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டி அனுப்பினார்களே, அந்தக் குட்டி எங்கே போனது? காப்பகத்துக்கு.

ஜூலை 17, வியாழன்

நடுவிரல் வீங்கியிருக்கிறது. கணுவில் வலி விண்விண் என்று தெறிக்கிறது.

"இறால் விரல்" என்றாள் அம்மா, பார்த்த மாத்திரத்தில். இங்கே எல்லாருக்கும் வருவதுதான். இறால் உரித்து, குத்தி, வீங்கி, அடங்கும். கறுப்புக் களிம்பை அப்பித் துணி சுற்றினாள். "உரிக்கச் சொன்னா உரிக்கணும். இறாலோட சண்டையா போட்ட?"

ஜூலை 19, சனி

இது இறால் விரல் இல்லை. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் பாடத்தின் கடைசியில் டாக்டர் ரோவெடர் தன் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். கடல்நாயின் வாயிலும் தோலிலும் ஒரு கிருமி இருக்கிறது. அதற்கு ஒன்றும் செய்யாது. நம் கையில் சின்னக் கீறல் இருந்து அதில் புகுந்தால் விரல் வீங்கும், கணு இறுகும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் வலி பொறுக்காமல் விரலையே வெட்டிவிடச் சொன்னார்களாம். இப்போது மாத்திரை இருக்கிறது. ஆனால் இறால் விரலுக்குக் கொடுக்கும் மருந்து இதற்குக் கேட்காது. அதனால் வைத்தியரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும்: கடல்நாயைத் தொட்டேன்.

ஒரு வார்த்தைதான். சொன்னால், எந்தக் கடல்நாய் என்பார்கள். எங்கே என்பார்கள். மண்வெட்டி வரை போகும். அப்பாவின் வில்லையைப் பிடுங்குவார்கள். பெரியப்பா எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். ஒன்பது மேடும் சேர்ந்து என்னைப் பார்க்கும்.

சொல்லாவிட்டால் விரல்.

எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் இந்த வீட்டில். கணக்குப் போட வேண்டியது நானா?

ஜூலை 21, திங்கள்

தீவில் வைத்தியர் கிடையாது. கணினித் திரையில் வருவார். வந்தார். என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னாள். எப்போதிலிருந்து வலி? அம்மாவுக்குத் தெரியும். எப்படி வலிக்கிறது? அதுவும் அம்மாவுக்குத் தெரியும். என் விரல் அம்மாவின் கையில் முளைத்திருக்கிறது போலிருக்கிறது.

பென்சிலின். நாளைப் படகில் வரும்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா திரையை மூடிவிட்டாள்.

ஜூலை 23, புதன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, புது எழுத்து எந்த நாட்டுடையது என்றார். யோரித் சிரித்தாள். புழுவைப் பார்த்து வாந்தி எடுத்தவள் சிரிக்கிறாள்.

மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. விரல் ஊதாவாகிவிட்டது. மடக்க வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்னும் இரண்டு புதைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அப்பா, போதும் ப்ரார், நாளைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பேசிவிடுகிறேன் என்றார். பெரியப்பா, பேசி என்ன சொல்வாய் மொம்மே, இத்தனை நாள் தூங்கினேன் என்றா என்றார். அங்கேயே இரண்டு தட்டுத் தட்டி அவரைச் சரி செய்துவிட்டார் பெரியப்பா. அப்பா ஆறடி உயரம். அண்ணன் முன்னால் நின்றால் மூன்றடி.

காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது மணல்திட்டிலிருந்து இருமல் கேட்கிறது. கடல்நாய் இருமினால் கிழவர் இருமுவது போலவே இருக்கும். விருந்தினர்கள் கேட்டுவிட்டு, எவ்வளவு அழகாகக் குரைக்கின்றன என்கிறார்கள்.

எனக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது. வெட்டுவார்களோ? நடுவிரல் இல்லாமல் எப்படிப் பேனா பிடிப்பது? சே, இதுவா முக்கியம். இதுவும் முக்கியம்தான்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். நாளைக்கு.

ஜூலை 25, வெள்ளி

நான் சொல்லவில்லை.

சிவப்புக் கோடு மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. காலையில் அம்மா பார்த்துவிட்டு, திட்டவே இல்லை. நேராகத் திரையைத் திறந்தாள். அதே வைத்தியர். விரலைக் காமிராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொன்னார். இறால் விரலாக இருந்தால் இதற்குள் அடங்கியிருக்க வேண்டும், வேறு ஏதாவது பட்டதா, மீன் முள், மிருகம் ஏதாவது, என்று கேட்டார்.

"இறால்தான் டாக்டர். என் கண்ணு முன்னால உக்காந்து உரிச்சா."

அப்பா வாசல் நிலையில் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தார். துடைத்த தரையில் சேறு. அம்மா அதைக்கூடப் பார்க்கவில்லை. நான் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் அடித்துக்கொள்கிறது.

"டெல்ஸே" என்றார் அப்பா. "அந்த வாய்க்கால்ல கெடந்துதே, ஒண்ணு."

நான் நிமிரவில்லை.

"அலை அங்க வராது."

யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு சேற்றோடு நடந்துவந்து என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, திரைக்கு நேராக முகத்தை வைத்தார்.

"கடல்நாய் டாக்டர். செத்த கடல்நாயை வெறுங்கையால தொட்டிருக்கா. கடல்நாய் விரல்தான் இது. அதுக்கு உண்டான மாத்திரையைக் குடுங்க."

வைத்தியர் எழுதிக்கொண்டு, தேதி கேட்டார். அம்மா அப்பாவையே பார்த்தாள்.

"இந்த வருஷம் ஒண்ணும் ஒதுங்கலைன்னு சொன்ன மொம்மே."

"ஒதுங்குச்சு."

"எத்தனை?"

"ஆறு."

அம்மா எழுந்தாள். என் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். பகல் படகிலேயே என்னை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். படகு கிளம்பும்போது மேட்டின் மேல் அப்பா தெரிந்தார். காதில் கைப்பேசி வைத்திருந்தார். இன்னொரு கையில் தொப்பி.

இதை ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதுகிறேன். காகிதம், சாப்பாட்டுத் தட்டில் விரித்திருந்த தாள்தான். பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விடுகிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

வெட்டவில்லை. புது மாத்திரை கேட்கிறது. சிவப்புக் கோடு இறங்கிவிட்டது. கணு எப்படியிருக்கும் என்பதைப் போகப் போகப் பார்க்கலாமாம்.

டாக்டர் ரோவெடர் பார்க்க வந்தார். திட்டுவார் என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவே தோண்டிக் காட்டினாராம். ஆறில் கடைசியாகப் புதைத்த இரண்டு மட்டும் அறுத்துப் பார்க்கத் தேறின. வைரஸ்தான்.

"அந்தக் குட்டி?" என்றேன். "அப்பா கூடையில அனுப்பினது?"

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். காப்பகத்தில் அதோடு சேர்த்து ஏழு குட்டிகள் போய்விட்டன என்றார். மற்றவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள், அவை பிழைக்கும் என்று நினைக்கிறார். இன்னும் ஒரு வாரம் தெரியாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நான் போன்ல பொய் சொன்னேன் டாக்டர்."

"தெரியும்மா" என்றார். "ரொம்ப வேகமா பதில் வந்துச்சு."

அப்போதே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் கிளம்பி வரவில்லை? பெரியவர்கள் எல்லாருமே ஆகஸ்ட் முடியட்டும் என்றுதான் இருக்கிறார்களா? கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், அவரே அதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மணல்திட்டு மூடியாகிவிட்டது. விருந்தினர்களின் நாய்களைக் கட்டிப் போட வேண்டும் என்று ஒவ்வொரு மேட்டிலும் பலகை. இரண்டு குடும்பங்கள்தான் கிளம்பிப் போயின. மற்றவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இதற்காகவா அத்தனை குழி?

அப்பாவின் வில்லையை விசாரணை முடியும்வரை வாங்கிவிட்டார்கள். பக்கத்துத் தீவின் வேட்டைக்காரி வந்து எங்கள் கரையையும் பார்க்கிறாள். செத்தது கிடந்தால் அப்பா தொடக்கூடாது. தள்ளி நின்று விருந்தினர்களை விரட்டலாம். அதைச் செய்கிறார். நன்றாகவே செய்கிறார்.

என்னிடம் கோபமா என்று நேற்றுக் கேட்டேன். ஆட்டுக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். திண்டுமேல் அவ்வளவு கனத்தை எப்படித் தனியாக இழுத்தாய் என்று கேட்டார். அதுதான் பதில். என் தலையெழுத்து.

பெரியப்பா வருவதில்லை. அவர் படகு கவிழ்த்துப் போட்டிருக்கிறது. தேவாலயத்தில் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து, கழுத்து வலிக்காரர் மாதிரி திரும்பவே இல்லை.

நவம்பர் 5, புதன்

வெகுநாளாக எழுதவில்லை. பரணில் குளிர். இப்போது அடுக்களை மேசையில்தான் எழுதுகிறேன். அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நடுவிரல் பாதிதான் மடங்குகிறது. பேனாவை மோதிர விரலில் சாய்த்துப் பிடிக்கப் பழகிவிட்டேன். எழுத்து இன்னும் வெளிநாட்டுடையதுதான்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் பெரியப்பா. நனைந்திருந்தார். கையில், அவர் வீட்டில் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை, முழங்கை வரை. அந்தக் கோலத்தில் வேறு யாராவது வந்திருந்தால் தரையில் விழுந்து சிரித்திருப்பேன். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. கொக்கியில் தொங்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"படகுல ஒண்ணு கெடக்கு. ராத்திரி செத்திருக்கும். ஈரம் காயல. பெட்டி எங்க?"

அப்பா எழுந்தார். எழுந்தவர் நின்றுவிட்டார். விசாரணை இன்னும் முடியவில்லை, அவர் தொடக்கூடாது. பெரியப்பாவும் தொட்டிருக்கக் கூடாது. இரண்டு ஆறடி ஆட்கள், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். இவர்களை நம்பினால் அது வசந்தம் வரை அங்கேயே கிடக்கும்.

"பெட்டி கொட்டகையில இருக்கு, தொடாதீங்க" என்றேன். "பாயைப் போட்டு மூடிட்டு, கையைக் கழுவிட்டு வாங்க பெரியப்பா. மஞ்சளைக் கழட்டிட்டு, சோப்புப் போட்டு."

போனார். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். ஆனால் போனார்.

நான் தொலைபேசியை எடுத்தேன். நடுவிரல் தானாக நீட்டிக்கொண்டு நிற்கும், எண்ணை அழுத்த அதுதான் வசதி. மணி இரண்டு முறை அடித்ததும் டாக்டர் ரோவெடரே எடுத்தார்.

"நான் டெல்ஸே பேசறேன் டாக்டர்" என்றேன். "இங்க ஒண்ணு இருக்கு."